உறைபனியும் குழாய்நீரும்

மார்கழி பிறந்தால் ‘பனி பெய்கிறது’ என்பது தமிழ்நாட்டு வழக்கு. அங்கே அச்சொல் குறிப்பது, விடியற்காலையில் வைக்கோற்போரின் மீதும் வாழையிலையின் மீதும் முத்துப்போல் நிற்கும் நீர்த்துளியை. கதிரவன் எழுந்தால் அது மறைந்துவிடும். யாருக்கும் அதனால் தீங்கில்லை. பணியின் பொருட்டு இமயமலைப் பகுதிகளில் குடியேறியுள்ள நம்மவர்க்கோ, பனி என்பது வேறு பொருள் தருகிறது. இரவில் நிரப்பி வைத்த வாளியைக் காலையில் கல்லாக்குவதும் பனிதான். குழாயைத் திறந்தால் ஒரு சொட்டும் வாராமற் செய்வதும் பனிதான். அக்குழாயையே பிளந்து, உச்சிவெயிலில் வீட்டுக்குள் வெள்ளம் பாயச் செய்வதும் அதே பனிதான்.

ஸ்ரீநகரிலும், லேயிலும், சிம்லாவிலும், மணாலியிலும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. படைத்துறையிலும், வங்கிகளிலும், மத்திய அரசின் அலுவலகங்களிலும், கல்வி நிலையங்களிலும் பணியாற்றுவோர் இரண்டாண்டு, மூன்றாண்டு என்று மாற்றலாகி வருகின்றனர். கம்பளியும் காலுறையும் வாங்கவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வீட்டுக் குழாய்க்கும் கம்பளி வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. டில்லியிலும் சண்டிகரிலும் வாழும் அன்பர்கள் குளிர்கால விடுமுறைக்குக் காரிலோ கேரவன் என்னும் வீட்டு வண்டியிலோ மலையேறும் வழக்கமும் பெருகி வருகிறது. இவர்கள் அனைவர்க்கும் பயன்படும் என்னும் கருத்தால், குழாய்நீர் உறையாமற் காக்கும் முறைகளை இங்கே தொகுத்துக் கூறுவோம்.

நீரின் விந்தையான இயல்பு

பெரும்பாலான பொருள்கள் குளிர்ந்தால் சுருங்கும். நீரும் 4 பாகை செல்சியஸ் வரையில் அவ்வாறே சுருங்குகிறது. அதற்குக் கீழே குளிரக் குளிர விரியத் தொடங்குகிறது. பனிக்கட்டியாகும் தறுவாயில் அதன் பருமன் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு கூடிவிடுகிறது. பனிக்கட்டி நீரில் மிதப்பதும் இதனால்தான். ஏரியின் மேற்பரப்பு உறைந்தாலும் அடியில் மீன்கள் உயிர்வாழ்வதும் இதனால்தான். ஆற்றுக்கும் ஏரிக்கும் அருளாக அமைந்த இந்த இயல்பு, வாய் மூடிய குழாய்க்கு மட்டும் கேடாக முடிகிறது.

குழாய் எவ்வாறு வெடிக்கிறது என்பதைப் பற்றிப் பலரும் கொண்டுள்ள எண்ணம் முற்றும் சரியன்று. பனிக்கட்டி விரிந்து, தான் இருக்கும் இடத்திலேயே குழாயைப் பிளக்கிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் நடப்பது அதுவன்று. குழாயின் ஓரிடத்தில் பனிக்கட்டி தக்கைபோல் அடைத்துக்கொள்கிறது. அத்தக்கை வளர வளர, அதற்கும் மூடிய குழாய்வாய்க்கும் இடையே சிக்கிய நீர் நெருக்குண்கிறது. நீரை நசுக்கிச் சிறிதாக்க இயலாது. ஆதலால் அழுத்தம் மேன்மேலும் ஏறி, இணைப்போ வளைவோ எங்கே வலுவிழந்திருக்கிறதோ அங்கே பிளவு உண்டாகிறது. ஆகவே உறைந்த இடம் ஒன்றாகவும், உடைந்த இடம் வேறொன்றாகவும் இருப்பது இயற்கை. குழாய்வாயைச் சிறிது திறந்து வைத்தால் இந்த அழுத்தம் வெளியேற வழி கிடைக்கிறது என்பதையும் இதிலிருந்தே உணரலாம்.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. உறைந்திருக்கும்போது பிளவு வெளியே தெரியாது. பனிக்கட்டியே அதை அடைத்து நிற்கும். வெயில் ஏறி உருகும்போதுதான் நீர் பீறிடும். அந்நேரத்தில் கணவர் அலுவலகத்திலும் மனைவி கடைவீதியிலும் இருந்தால், திரும்பி வரும்போது படுக்கையும் புத்தகமும் மிதந்துகொண்டிருக்கும்.

எவ்வளவு குளிர் ஆபத்தானது?

நீர் உறைவது 0 பாகையில் என்று பள்ளியிற் படித்திருக்கிறோம். ஆனால் வெளிக்காற்று 0 பாகையைத் தொட்டவுடன் வீட்டுக் குழாய் உறைந்துவிடுவதில்லை. சுவரின் வெப்பமும், நீர் தன்னுடன் கொண்டுவரும் வெப்பமும் சிறிது நேரம் தாங்கும். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கட்டட ஆராய்ச்சிப் பிரிவினர், வெப்பம் புகாத மேற்பரண்களில் உறையின்றிக் கிடந்த குழாய்களை ஆராய்ந்து, வெளிக்குளிர் உறைநிலைக்குக் கீழே 7 பாகையை எட்டும்போது அபாயம் தொடங்குகிறது என்று கண்டனர். இது ஒரு பொது அளவே. சுவரில் உள்ள சிறு துளை வழியாகக் காற்று நேரே குழாயின் மீது வீசுமாயின், அதற்கு முன்னரே உறைந்துவிடும்.

இந்த அளவை நம் ஊர்களோடு பொருத்திப் பார்ப்போம். காஷ்மீரத்தில் டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரையிலான நாற்பது நாள்களைச் ‘சில்லை கலான்’ என்று வழங்குவர்; கடுங்குளிர்க் காலம் அதுவே. அதன்பின் இருபது நாள் ‘சில்லை குர்த்’ என்னும் சிறு குளிரும், பத்து நாள் ‘சில்லை பச்சா’ என்னும் குழந்தைக் குளிரும் வரும். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், சில்லை கலான் பிறக்கும் இரவில், ஸ்ரீநகரில் உறைநிலைக்குக் கீழே 8.5 பாகை பதிவாயிற்று. ஐம்பது ஆண்டுகளில் அத்தகைய டிசம்பர் இரவு வந்ததில்லை என்றனர். நகரின் பல பகுதிகளில் குழாய்கள் உறைந்தன. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேயில் ஜனவரி இரவுகளில் குளிர் உறைநிலைக்குக் கீழே 10 பாகையையும் தாண்டிச் செல்வது வழக்கம். திராஸ் போன்ற இடங்களில் குளிர் இன்னும் கொடிது. சிம்லாவில் அபாயம் சில இரவுகளுக்கு மட்டுமே. டில்லியில் குழாய் உறையும் அச்சம் இல்லையென்றே கூறலாம்.

குழாய்நீர் ஏன் இவ்வளவு விரைவில் உறைகிறது? அரையங்குலக் குழாய் என்று நாம் சொல்வதன் உள்விட்டம் ஏறத்தாழ 15 மில்லிமீட்டர். அதில் ஒரு மீட்டர் நீளத்துக்கு அடங்கும் நீர் 180 மில்லிலிட்டருக்கும் குறைவு. பத்து மீட்டர் நீளமுள்ள குழாயிலும் இரண்டு லிட்டர் நீர் இல்லை. நீரோ சிறிது, அதைச் சூழ்ந்து குளிர் தாக்கும் பரப்போ பெரிது. அண்டாவில் உள்ள நீர் மேலே ஏடு படிந்து நிற்கும்போதே குழாய்நீர் முழுதும் இறுகிப்போவது இக்காரணத்தால்தான்.

வீட்டில் செய்யத்தக்கவை

மழைக்காலம் முடிந்து, குளிர் தொடங்குமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்குதல் நலம். முதலில் வீட்டிற்கு நீர் எங்கிருந்து வருகிறது, எவ்வழியே செல்கிறது என்பதை அடியோடு பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். தலைமை வால்வு எங்கே உள்ளது என்பது குடும்பத்தில் உள்ள எல்லோர்க்கும், சிறுவர்க்குங்கூட, தெரிந்திருக்க வேண்டும். குழாய் பிளந்த நேரத்தில் வால்வைத் தேடி அலைவது, தீப்பற்றிய பின் கிணறு தோண்டுவதை ஒக்கும். அவ்வால்வு துருப்பிடித்துத் திரும்பாமல் நின்றால் உடனே மாற்றிவிட வேண்டும்.

அடுத்து, வடக்குச் சுவரில் வெளிப்புறமாகச் செல்லும் குழாய், மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய், மாடிப்படியின் கீழுள்ள குழாய் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதலில் உறைபவை இவையே. இவற்றுக்கு ஃபோம் குழல் மாட்டலாம். அது கிடைக்காவிடில், பழங் கம்பளியையோ கோணிச் சாக்கையோ இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் தாளை இறுகக் கட்ட வேண்டும். மேலுறை இன்றியமையாதது. நனைந்த சாக்கு குளிரைத் தடுக்காது. தானே உறைந்து குழாயைத் தழுவிக்கொள்ளும். வளைவுகளையும் வால்வுகளையும் விட்டுவிட்டு நேர்க்குழாய்க்கு மட்டும் உறை போடுவது, தலைக்குக் குல்லாய் இன்றி உடம்புக்கு மட்டும் கம்பளி போர்த்துவது போலாகும்.

ஆயினும் உறையின் எல்லையை அறிந்திருத்தல் வேண்டும். கம்பளி நமக்கு வெப்பம் தருவதில்லை. நம் உடல் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது, அவ்வளவே. குழாய்க்குத் தன் வெப்பம் என்று ஒன்றில்லை. ஆகவே அசையாமல் நிற்கும் நீர், எத்துணை உறை போட்டாலும், நீண்ட இரவில் ஒருநாள் உறைந்தே தீரும். உறை காலத்தை நீட்டிக்கும், அபாயத்தை நீக்காது. நீக்குவதற்கு வழி மூன்று: குழாய்க்கு வெப்பம் தருவது, நீரை ஓடவிடுவது, நீரையே அகற்றிவிடுவது.

வெப்பம் தருவதில் எளியது, வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தைக் குழாய்க்கு எட்டவிடுவதாகும். சமையலறைத் தொட்டியின் கீழுள்ள அலமாரிக் கதவை இரவில் திறந்து வைத்தால் போதும். மூடிய அலமாரிக்குள் அறையின் வெப்பம் புகுவதில்லை. குழாய் சுவரைத் துளைத்து வெளியேறும் இடத்தில் உள்ள இடுக்கைச் சிமெண்டாலோ, துணியாலோ அடைக்க வேண்டும். வெப்பமூட்டும் மின்நாடா கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்குவோர், குளிர் குறைந்தவுடன் தானே நின்றுபோகும் அமைப்புள்ளதாகப் பார்த்து வாங்குக. ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றினால் சில வகை நாடாக்கள் எரிந்துவிடும். மின்வெட்டு நேரும் இரவில் இது பயன்படாது என்பதும் நினைவிருக்கட்டும்.

இரண்டாவது வழி, நீரை மெல்ல ஓடவிடுதல். ஒரு லிட்டர் நீர் 10 பாகையிலிருந்து 0 பாகைக்கு இறங்கும்போது 10 கிலோ கலோரி வெப்பத்தை இழக்கிறது. 0 பாகை நீர் பனிக்கட்டியாக மாறுவதற்கோ மேலும் 80 கிலோ கலோரியை இழக்க வேண்டும். நிலத்தடியிலிருந்து புதிய நீர் வந்துகொண்டேயிருந்தால், அது கொண்டுவரும் வெப்பமே குழாயைக் காக்கும். ஆனால் சொட்டுச் சொட்டாக விடுவது எப்போதும் நன்றன்று. அச்சொட்டுகள் வெளியே செல்லும் கழிவுக் குழாயில் படிந்து உறைந்து, சிறுகச் சிறுக அதையே அடைத்துவிடும். பென்சில் முள்ளின் பருமனுக்கு அறுபடாத தாரையாக விடுதல் நலம். நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர் என்று கொண்டால் பத்து மணி நேரத்தில் 60 லிட்டர். அஃதாவது நான்கு வாளி. அதைக் கழிவில் விடாமல் டிரம்மில் பிடித்து வைத்தால், மறுநாள் துணி துவைக்க உதவும். நீரின் அருமையை உணர்ந்த தமிழ்க் குடும்பத்துக்கு இதை வற்புறுத்திச் சொல்ல வேண்டுவதில்லை.

லடாக்கில் இந்த இரண்டாம் வழி பொருந்தாது. அங்கே குளிர்காலத்தில் நீரே அரிது. குளிரும் மிகக் கடுமை. ஆதலால் மூன்றாவது வழியே அங்கு வழங்குகிறது. மாலையில் குழாய்களை வெறுமையாக்கிவிட்டு, வேண்டிய நீரைச் சமையலறைப் பாத்திரங்களில் சேர்த்து வைக்கின்றனர். குடும்பம் முழுதும் குளிர்காலத்தில் அடுப்புள்ள அறையிலேயே வாழ்வதால், அங்குள்ள நீர் உறைவதில்லை. லாரி நீரும் கைப்பம்பும் பல வீடுகளுக்குத் துணை. கைப்பம்பில் நீர் ஆழத்திலிருந்து வருகிறது. நிலத்தில் குளிர் எட்டாத ஆழம் என்று ஒன்று உண்டு. பெருங்குழாய்களை அவ்வாழத்துக்குக் கீழே புதைப்பதன் நோக்கமும் இதுவே. காஷ்மீரத்தின் பழைய வீடுகளில் உள்ள ‘ஹமாம்’ என்னும் அறையின் கல்தளத்துக்கு அடியில் விறகு எரியும். அவ்வெப்பத்திலேயே செப்புக் கொப்பரையில் நீர் காயும். நீரைக் குளிருக்கு எதிராக வெளியே நிறுத்தாமல், வீட்டின் நடுவே வெப்பத்தோடு வைத்துக் காப்பது மலைமக்கள் கண்ட நெறி. அயல்வீட்டாரைக் கேட்டு அறிந்துகொள்ளத் தயங்கவேண்டாம்.

பொங்கலுக்கு ஊர் செல்வோர் கவனத்துக்கு

நம்மவர்க்கே உரிய இடர் ஒன்றுண்டு. பொங்கல் வருவது ஜனவரி நடுவில். அதுவே சில்லை கலானின் நடு. அவ்வூர்ப் பள்ளிகளுக்கும் அப்போது நீண்ட விடுமுறை. ஆதலால் தமிழ்க் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு மூன்று வாரம், நான்கு வாரம் ஊருக்குச் செல்கின்றன. அடுப்பு இல்லை, விளக்கு இல்லை, மனிதர் நடமாட்டம் இல்லை. வீடு முழுதும் வெளிக்குளிரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. தை பிறந்து வழி பிறக்கும் நேரத்தில், பூட்டிய வீட்டில் குழாய் பிளக்கிறது. கீழ்வீட்டுக்காரர் தம் கூரையிலிருந்து நீர் ஒழுகுவதைக் கண்டு, இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் உள்ளவரைத் தொலைபேசியில் தேட வேண்டியதாகிறது. புறப்படும் நாளில் ஒருமணி நேரம் செலவிட்டால் இத்தனையும் தவிர்க்கலாம். முறை வருமாறு:

முதலாவதாக, கீசரின் மின்னிணைப்பை முந்திய இரவே நிறுத்திவிட வேண்டும். நீர் வடிந்த கீசரில் மின்சாரம் பாய்ந்தால் அதன் வெப்பச்சுருள் கருகிப்போகும்.

இரண்டாவதாக, தலைமை வால்வை மூடுக. மொட்டைமாடித் தொட்டி இருந்தால், அதற்கு நீர் ஏறும் வழியையும் மூடித் தொட்டியைக் காலிசெய்க.

மூன்றாவதாக, மேல்மாடியில் தொடங்கி எல்லாக் குழாய்வாய்களையும், வெந்நீர்க் குழாய், தண்ணீர்க் குழாய் இரண்டையும், திறந்துவிடுக. இறுதியாக மிகத் தாழ்ந்த இடத்தில் உள்ள வாயைத் திறக்க வேண்டும். மேலே காற்று புக வழியிருந்தால்தான் கீழே நீர் முழுதும் வடியும். விரலால் மூடிய உறிஞ்சுகுழலில் நீர் நிற்பதைக் குழந்தைகள் அறிவார்கள்.

நான்காவதாக, கீசரின் அடியில் உள்ள வடிகால் திருகைக் கழற்றி நீரை வடித்துவிடுக. கழிப்பறைத் தொட்டியை ஒருமுறை இழுத்துவிட்டு, எஞ்சிய நீரைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். துணி துவைக்கும் இயந்திரத்தின் ரப்பர்க் குழாயையும் கழற்றி வடிக்க வேண்டும். குடிநீர் சுத்திகரிக்கும் கருவியை மறப்பவர் பலர். அதனுள் நீர் உறைந்தால் உறையும் பிளக்கும்; உள்ளே உள்ள சவ்வும் கெடும்.

ஐந்தாவதாக, கைகழுவும் தொட்டிகளுக்குக் கீழே வளைந்து நிற்கும் கழிவுக் குழாயில் எப்போதும் சிறிது நீர் தேங்கியிருக்கும். சாக்கடை வாடை வீட்டுக்குள் வாராமல் தடுப்பது அதுவே. அதில் புரொப்பிலீன் கிளைக்கால் என்னும் நச்சற்ற உறைதடுப்பு நீர்மத்தைச் சிறிது ஊற்றி வைக்கலாம். கார்களுக்குப் பயன்படும் எத்திலீன் கிளைக்கால் வேறு. அது கொடிய நஞ்சு. குடிநீர் செல்லும் எக்குழாயிலும் அது கலத்தல் ஆகாது. இனிப்புச் சுவை உடையதாதலால் குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும்.

எல்லாம் முடிந்த பின் தலைமை வால்வு நன்றாக மூடியிருக்கிறதா என்று மறுபடியும் பார்த்துக்கொள்ளுங்கள். குழாய்வாய்கள் திறந்தே இருக்கட்டும். ஒரு சாவியை நம்பத்தக்க அயலாரிடம் கொடுத்துச் செல்வதும், வால்வு உள்ள இடத்தை அவர்க்குக் காட்டிச் செல்வதும் அறிவுடைமை. திரும்பி வந்ததும் வாய்களையெல்லாம் மூடிவிட்டு, வால்வைச் சிறிதே திறந்து, எங்கேனும் சலசலப்புக் கேட்கிறதா என்று செவிகொடுத்த பின்னரே முழுதும் திறக்க வேண்டும். கீசரில் நீர் நிரம்பி, வெந்நீர்க் குழாயில் தடையின்றி நீர் வந்த பின்னரே மின்விசையைத் தொடலாம்.

உறைந்துவிட்டால் செய்வது யாது?

காலையில் ஒரு குழாய் மட்டும் வரவில்லையெனில் அக்குழாயே உறைந்தது. எதுவும் வரவில்லையெனில் வெளியே உறைந்திருக்கக்கூடும். முதற்செயல், தலைமை வால்வை மூடுவது. உருகும்போது பிளவு தெரிந்தாலும் வெள்ளம் வராது. பின்னர்க் குழாய்வாயைத் திறந்து வைத்து, அவ்வாய்ப் பக்கத்திலிருந்து தொடங்கி, அடைப்பை நோக்கி மெல்ல மெல்லச் சூடேற்றிச் செல்ல வேண்டும். உருகிய நீரும் ஆவியும் வெளியேற வழி இருக்க வேண்டும் என்பதே இதன் காரணம். நடுவில் சூடேற்றினால் இருபுறமும் பனி அடைத்து நிற்க, இடையே அழுத்தம் பெருகும்.

சூடேற்றுவதற்கு வெந்நீரில் நனைத்த துணியோ ஹேர் டிரையரோ போதும். மின்கருவியைப் பிடிக்கும்போது தரை நனைந்திருக்கலாகாது. கொதிக்கும் நீரைச் சட்டென ஊற்றினால் குளிரில் இறுகிய பிளாஸ்டிக் குழாய் விரிசல் காணும். வைக்கோலையும் காகிதத்தையும் கொளுத்திக் குழாயின் கீழே காட்டுவதை மலையூர்களில் காணலாம். அதை ஒருபோதும் பின்பற்றவேண்டாம். பிளாஸ்டிக் குழாய் உருகும், மரச்சுவர் பற்றும், குழாய் ஒன்றைக் காக்கப்போய் வீட்டையே இழக்க நேரும். உறைந்த நிலையில் கீசரைப் போடுவதும் தவறு. உள்ளே விரியும் நீருக்குப் போக்கிடம் இல்லாமற் போகலாம்.

சூரிய வெந்நீர்க் கருவி பொருத்த எண்ணுவோர்க்கும் ஒரு சொல். தட்டையான பலகை வடிவில், செப்புக் குழாய்களில் நேரே நீர் ஓடும் வகை, கடுங்குளிர் ஊரில் ஒரே இரவில் பிளந்துவிடக்கூடும். வெற்றிடக் கண்ணாடிக் குழல் வகை இதனை நன்கு தாங்கும். ஆயினும் அதனுடன் இணைந்த வெளிக்குழாய்களுக்கு உறை தேவையே.

குழாயினும் உயிர் பெரிது

குழாயைக் காக்கவேண்டும், குளிரைத் தடுக்கவேண்டும் என்னும் ஆர்வத்தில் சிலர் கதவு சன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு, கரியடுப்பை அறைக்குள் வைத்து உறங்குகின்றனர். இது மலையூர்க்கு மட்டுமன்றி, டில்லிக்கும், லக்னோவுக்கும், பஞ்சாபுக்கும் பொருந்தும் எச்சரிக்கை. அங்கீட்டி என்னும் கரிச்சட்டி மூடிய அறையில் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள செம்பொருளுடன் உயிர்வளியைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் அது சேர்ந்துகொள்கிறது. முதலில் தலைவலி, பின்னர்க் குமட்டல், அதன்பின் மயக்கம். உறங்குபவர்க்கு இம்மூன்றும் தெரிவதில்லை. உறக்கத்திலேயே உயிர் பிரிகிறது. வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் குடும்பம் குடும்பமாக மாண்ட செய்திகளை நாளேடுகளில் படிக்கிறோம்.

ஆகவே கரியடுப்பைப் படுக்குமுன் வெளியே வைத்துவிட வேண்டும். புகைபோக்கி உள்ள புகாரி அடுப்பாயினும், அப்புகைபோக்கி பனியால் அடைபடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளியலறைக்குள் எரிவாயுக் கீசர் வைப்பது பெருந்தவறு. அதன் இடம் காற்றோட்டமுள்ள வெளிப்புறம். நச்சுவாயுவைக் கண்டு ஒலியெழுப்பும் சிறு கருவிகள் விற்கின்றன. வாங்கி வைத்தல் நலம். ஒருவர்க்குத் தலை சுற்றினால், உடனே கதவைத் திறந்து, எல்லோரும் வெளிக்காற்றுக்கு வந்துவிட்டு மருத்துவரை நாட வேண்டும். வெடித்த குழாயைப் பிளம்பர் ஒட்டித் தருவார். போன உயிரை ஒட்டித் தருவார் யாரும் இலர்.

காரிலும் கேரவனிலும் மலையேறுவோர்க்கு

கேரவன் என்பது சக்கரத்தின் மேல் அமைந்த சிறுவீடு. அதில் நல்ல நீர்த் தொட்டி, சிறு பம்பு, மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள், வெந்நீர்க் கலன், கழிவுநீர்த் தொட்டி எல்லாம் உண்டு. சுவர்கள் மெல்லியவை, அடித்தளத்துக்குக் கீழேயும் குளிர்காற்று வீசுகிறது. ஆகவே வீட்டைக் காட்டிலும் கேரவனில் நீர் விரைவில் உறையும்.

முகாம்களில் வெளிக்குழாயிலிருந்து ரப்பர்க் குழாய் மூலம் வண்டிக்கு நீர் ஏற்றுவது வழக்கம். அதைப் பகலில் ஏற்றிக்கொண்டு, பொழுது சாயுமுன் கழற்றி, வடித்து, சுருட்டி உள்ளே வைத்துவிட வேண்டும். இரவில் உள்தொட்டி நீரே பயன்படட்டும். கழிவுநீர்த் தொட்டியின் வால்வைத் திறந்தே வைப்பது தவறு. சிறிது சிறிதாக ஒழுகும் நீர் வெளிக்குழாயில் படிந்து அடைக்கும். மூடிவைத்து, நிரம்பிய பின் பகலில் ஒருசேரத் திறந்துவிடுவதே முறை. வண்டியின் கீழ்ப்புறத்தைச் சுற்றித் தார்ப்பாயால் மறைத்தால் காற்றின் வேகம் தணியும். நீர்க்குழாய் செல்லும் அலமாரிகளின் கதவுகள் இரவில் திறந்திருக்கட்டும்.

மின்கலத்தை நம்பி மின்நாடாவை இரவெல்லாம் ஓட்டலாமா என்று சிலர் கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். மீட்டருக்கு 15 வாட் என்றால் பத்து மீட்டருக்கு 150 வாட். பத்து மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி மின்கலம் முழுதும் வற்றினாலும் தருவது 1.2 யூனிட், குளிரில் அதுவும் குறையும். ஆகவே வெளி மின்சாரம் இல்லாத இடத்தில் இது நடவாத செயல். கடுங்குளிர் இரவு வரும் என்று தெரிந்தால், வண்டியின் நீர்க்குழாய்களை அடியோடு வடித்துவிட்டு, பம்பையும் ஓட்டி வெறுமையாக்கி, குடிக்கவும் சமைக்கவும் கேன்களில் நீர் வைத்துக்கொள்வதே சிறந்தது. வண்டிக்குள் எரிவாயு அடுப்பை ஏற்றிக் குளிர்காய்வது, மேலே சொன்ன நச்சுவாயுவை வலிய அழைப்பதாகும்.

காரில் செல்வோர் ரேடியேட்டரில் வெறும் நீர் ஊற்றி மலையேறலாகாது. எத்திலீன் கிளைக்காலும் நீரும் சமபங்காகக் கலந்தால் உறைநிலைக்குக் கீழே 35 பாகை வரையிலும் தாங்கும். கண்ணாடி கழுவும் நீர்த்தொட்டியிலும் அதற்குரிய உறையா நீர்மத்தையே நிரப்ப வேண்டும்.

முடிவாகச் சில சொற்கள்

குளிர் நமக்குப் பகையன்று. லடாக்கில் சோனம் வாங்சுக் அவர்கள் வகுத்த ‘பனித்தூபி’ முறையில், குழாய் வழியே வரும் ஓடைநீரை உறைகுளிரில் மேலே பீச்சி, கோபுரம்போல் உறையச் செய்கின்றனர். வேனிலின் தொடக்கத்தில் அது உருகிப் பயிருக்கு நீர் தருகிறது. 2013-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் தொடங்கிய அம்முயற்சி இன்று பலரும் அறிந்தது. அங்கும் நீரோட்டம் நின்றால் குழாய் உறைந்துவிடும். ஓடும் வரைதான் பயன். நீரின் இயல்பை அறிந்தவர்க்கு அதே குளிர் துணையாகிறது, அறியாதவர்க்கு இடராகிறது.

நம் சங்கங்கள் புதிதாக மாற்றலாகி வருவோரை வரவேற்கும்போது, கடைகளும் பள்ளிகளும் எங்கே உள்ளன என்று கூறுவதோடு, “உங்கள் வீட்டுத் தலைமை வால்வு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டீர்களா?” என்று ஒரு வார்த்தை கேட்பது நன்று. விடுமுறைக்கு ஊர் செல்பவரின் சாவியை வாங்கி வைத்துக்கொள்வதும், பூட்டிய வீட்டை வாரம் ஒருமுறை எட்டிப் பார்ப்பதும் அயலூரில் வாழும் நாம் ஒருவர்க்கொருவர் செய்யக்கூடிய உதவி. இவ்வாண்டு தை பிறந்து ஊரிலிருந்து திரும்பும் ஒவ்வொரு குடும்பமும், குழாயைத் திறந்தவுடன் நீர் வரக் கண்டு மகிழுமாக!